யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரிகளும் பழைய மாணவர் விழாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் தை மாதம் பிறந்ததும், வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஒரே விதமான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பெருஞ்சமர் என்ற துடுப்பாட்டப் போட்டி எந்தக் கிழமை, விடுமுறையை எப்போது எடுப்பது, ஒரே ஆண்டில் படித்தவர்கள் கூடும் பட்ச் ஒன்றுகூடலுக்குக் குடும்பத்தைக் கூட்டி வரலாமா, காசு கொடுத்தால் யாரிடம் கொடுப்பது என்று கேட்பார்கள். பழைய மாணவர் சங்கமொன்றின் செயற்குழுவில் பல ஆண்டுகள் இருந்து, இந்தக் கேள்விகளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லி அலுத்தவன் என்ற முறையில் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தை ஏன் ‘கல்லூரி’ என்று சொல்கிறீர்கள்?

தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் முதலில் தடுமாறுவது இந்தச் சொல்லில்தான். அங்கே கல்லூரி என்றால் பட்டப்படிப்பு. இங்கே பெரும்பாலும் ஆறாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் ஆங்கிலக் கல்விக்காக நிறுவிய பாடசாலைகள் ‘காலேஜ்’ என்று பெயர் பெற்றன. பின்னால் சைவர்கள் தொடங்கியவையும் அதே பெயரை எடுத்துக்கொண்டன. யாழ் மத்திய கல்லூரி 1816 இல் மெதடிஸ்த மிஷனால் தொடங்கப்பட்டது. பரி. யோவான் கல்லூரி 1823 இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் மிஷனால் நல்லூரில் தொடங்கப்பட்டுப் பின்னர் சுண்டுக்குளிக்கு வந்தது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கு 1838, கத்தோலிக்கரின் புனித பத்திரிசியார் கல்லூரிக்கு 1850, யாழ் இந்துக் கல்லூரிக்கு 1890 என்று வரிசை நீளும்.

இந்த ஆண்டுகளை ஏன் மனப்பாடமாகச் சொல்கிறேன் என்றால், விழா மேடைகளில் இவைதான் மாறி மாறி ஒலிக்கும். எந்தக் கல்லூரி மூத்தது என்ற வழக்கு எங்கள் ஊரில் முடிந்ததேயில்லை. ஆனால் ஆண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கதை அந்த வழக்கைவிடச் சுவையானது. மத்திய கல்லூரிக்கு அந்தப் பெயர் வரக் காரணமான பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். அவர்தான் அங்கிருந்து விலகி வந்து 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலர் மறைந்து பதினோராண்டுகளின் பின், அதே வண்ணார்பண்ணையில், பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும், சைவத்தையும் விடக்கூடாது என்ற எண்ணத்தோடு சைவ பரிபாலன சபையார் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார்கள். 1897 இல் விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்தபோது அவருடைய பேச்சு அந்தக் கல்லூரியில்தான் நடந்தது. ஆகவே இன்று மைதானத்தின் இருபுறமும் நின்று கத்துகிற கல்லூரிகள் ஒன்றிலிருந்து ஒன்று கற்றும், ஒன்றோடொன்று முரண்பட்டும் வளர்ந்தவை என்பதை மறக்கலாகாது.

இவை அரசாங்கப் பாடசாலைகளா, தனியாருடையவையா?

இரண்டும் உண்டு. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது மத்திய கல்லூரியும் இந்துக் கல்லூரியும் ஹாட்லியும் அரசிடம் சென்றன. இன்று அவை தேசிய பாடசாலைகள். யோவானும் பத்திரிசியாரும் திருச்சபைகளின் நிர்வாகத்திலேயே தங்கிவிட்டன. நன்கொடை கொடுக்கிறவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. அரசாங்கப் பாடசாலையில் கட்டடம் ஒன்றைக் கட்டுவதற்குக் கல்வி அதிகாரிகளின் அனுமதி வேண்டும், காசு கையில் இருந்தால் மட்டும் போதாது.

பழைய மாணவர் சங்கத்தில் யார் சேரலாம்? நான் இரண்டு ஆண்டுகள்தான் படித்தேன்.

சேரலாம். ஒவ்வொரு சங்கத்தின் யாப்பும் சற்று வேறுபடும் என்றாலும், கல்லூரியின் சேர்வு இடாப்பில் உங்கள் பெயர் இருந்தால் பொதுவாக அது போதும். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டுப் போனவர்கள் எங்களிடம் உண்டு. அவர்களில் சிலர் பதின்மூன்று ஆண்டுகள் படித்தவர்களைவிடப் பற்றோடு இருக்கிறார்கள். அனுமதி இலக்கம் நினைவில் இல்லையென்றால், சேர்ந்த ஆண்டையும் வகுப்பாசிரியரின் பெயரையும் சொன்னால் அலுவலகத்தில் தேடித் தருவார்கள். ஆயுட்கால உறுப்புரிமை எடுப்பதே வசதி.

உறுப்புரிமைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சப்படுவானேன்? முதலாம் தரம் உள்ள அரசாங்கப் பாடசாலைகளின் அனுமதிச் சுற்றறிக்கையில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கென்று நூற்றுக்கு 25 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பிரிவில் புள்ளி வழங்கும்போது சங்கத்தோடு பெற்றோருக்கு இருந்த தொடர்பும் கணக்கில் வரும். பிள்ளைக்கு நான்கு வயதானதும் சிலருக்குப் பள்ளிப் பாசம் திடீரென்று பெருக்கெடுப்பது இதனால்தான். வந்த காரணம் எதுவானாலும், வந்தவரை வேலை வாங்குவது செயலாளரின் கெட்டித்தனம்.

தாய்ச் சங்கம் என்றும் கிளை என்றும் சொல்கிறார்களே, பணம் எங்கே போக வேண்டும்?

கல்லூரி இருக்கும் ஊரில் இயங்குவது தாய்ச் சங்கம். கொழும்பிலும், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் சனம் சிதறிப் போன லண்டன், ரொறன்ரோ, மெல்பேண், சிட்னி போன்ற நகரங்களிலும் இயங்குபவை கிளைகள். சில தம்மைக் கிளை என்று அழைத்தால் கோபித்துக்கொள்ளும், தனிச் சங்கம் என்றே சொல்லும். யாழ் இந்துக் கல்லூரியின் கனடாச் சங்கம் நடத்தும் ‘கலையரசி’ விழாவைப் போலச் சில கிளைகளின் நிகழ்ச்சிகள் அந்தந்த நாட்டுத் தமிழரின் பொது விழாவாகவே ஆகிவிட்டன. லண்டனில் ஊர்ப் பாடசாலைகளின் சங்கங்கள் சேர்ந்து தமிழ்ப் பாடசாலைகள் விளையாட்டுச் சங்கம் என்ற அமைப்பை வைத்திருக்கின்றன. அங்கே பருத்தித்துறையும் சுண்டுக்குளியும் ஆங்கிலேயப் பூங்கா ஒன்றில் பந்து எறிந்துகொள்ளும்.

பணத்தைப் பொறுத்தவரை என் ஆலோசனை இது: கல்லூரிக்குள் ஏற்கனவே பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் எல்லோருக்கும் அதில் இடமுண்டு. பழைய மாணவர் சங்கம் வேறு, அது வேறு. எந்தக் கிளை எதற்குக் காசு சேர்த்தாலும், அதிபருக்கும் தாய்ச் சங்கத்துக்கும் முதலில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் இரண்டு குழுக்கள் ஒரே மலசலகூடத் தொகுதிக்குத் தனித்தனியே நிதி சேர்த்த கதை எனக்குத் தெரியும்; கடைசியில் இரண்டு பெயர்ப் பலகைகளை ஒரே சுவரில் மாட்டிச் சமாதானம் செய்தார்கள்.

‘வடக்கின் பெருஞ்சமர்’ என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 முதல் நடந்துவரும் துடுப்பாட்டப் போட்டி அது. இப்போது மார்ச் மாதத்தில், வழக்கமாக வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாட்கள், கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகே உள்ள மத்திய கல்லூரி மைதானத்தில் நடைபெறுகிறது. இதைத் தவிரப் புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் ‘பொன் அணிகளின் போர்’, இந்துக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்கள் என்று பங்குனி முழுவதும் ஊர் துடுப்பும் பந்துமாகத்தான் இருக்கும். ஆயினும் பெருஞ்சமர் என்றால் அது ஒன்றுதான். மற்றக் கல்லூரிக்காரனாகிய நான் இதை ஒப்புக்கொள்வது அவ்வளவு எளிதல்ல என்பதை வாசிப்பவர் உணர வேண்டும்.

ஆட்டத்தின் இலக்கத்தைப் பார்த்துச் சிலர் குழம்புவார்கள். 1904 இலிருந்து ஆண்டுகளை எண்ணினால் வரும் தொகையைவிட ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவு. போட்டி நடத்த முடியாமற்போன ஆண்டுகள்தான் அந்த இடைவெளி.

ஆரவாரத்தைப் பற்றிச் சொல்வதானால், முதல் நாள் காலையில் மைதானத்துக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் மாணவர்கள் கொடிகளோடும் பாண்ட் வாத்தியத்தோடும் கூட்டமாக உள்ளே வருவார்கள். யோவானின் சிவப்பும் கறுப்பும் தூரத்திலேயே தெரியும். மறுபக்கம் பட்ச் பட்சாகக் கூடாரம் அடித்துப் பழைய மாணவர்கள் கதிரை போட்டிருப்பார்கள். ஒரே கூடாரத்தில் எழுபது வயதுக்காரர் தன்னுடைய காலத்து ஆட்டத்தின் ஒவ்வோர் ஓவரையும் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய பேரன் ஆட்டத்தைப் பார்க்காமல் ஐஸ்கிறீம் வான் எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பான். நடுவர் விரல் உயர்த்தினால் ஒரு பக்கம் பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கும், மறுபக்கம் நடுவரின் கண்பார்வை பற்றிய ஆராய்ச்சி தொடங்கும். உள்ளூரில் இருப்பவருக்கு இது விளையாட்டு. ஆண்டுக்கு ஒரு தடவை வருகிறவருக்கு, தெரிந்த முகங்கள் எல்லாவற்றையும் மூன்று நாளில் ஒரே வேலிக்குள் பார்த்துவிடும் வாய்ப்பு. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அடுத்தபடியாக ஊர் முழுவதும் கூடுகிற இடம் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

மைதானத்தில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

உண்டு, இருக்கவும் வேண்டும். மதுபானத்தோடு உள்ளே வரக்கூடாது. ஆட்டம் நடக்கும்போது ஆடுகளத்துக்குள் ஓடக்கூடாது. பாடசாலைச் சீருடையில் நிற்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்களைவிட முப்பது வயது மூத்தவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டு நான் வெட்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. சண்டை தொடங்குவது பெரும்பாலும் மாணவர் பக்கத்திலிருந்து அல்ல. வேலைக்குப் போய், வயிறு வைத்து, பழைய தோல்வியொன்றை மறக்க முடியாமல் இருக்கும் அண்ணைமார் பக்கத்திலிருந்துதான். வீதியில் வாகனங்களை மறித்துக் காசு கேட்பதும் எனக்கு உடன்பாடில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டு தருவது விருப்பத்தினாலா, பயத்தினாலா என்று கேட்கிறவனுக்கும் தெரிந்திருக்கும்.

போர்க்காலத்தில் இந்தக் கொண்டாட்டங்கள் எப்படி நடந்தன?

இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. நடந்த ஆண்டுகளும் உண்டு, நடக்காத ஆண்டுகளும் உண்டு, நடந்தும் கொண்டாட்டம் என்று சொல்ல முடியாத ஆண்டுகளும் உண்டு.

யோவான் கல்லூரியின் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் அதிபர், மாணவர்களுக்குத் துடுப்பாட்டம் ஒழுங்கு செய்வது போன்ற சாதாரண காரியங்களைக்கூட உயிர் அச்சத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் அது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது, கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் நின்றது, கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் மத்திய கல்லூரி நிற்கும் அந்தப் பகுதி முழுவதும் சிதைந்தது. யாழ் இந்துக் கல்லூரிக்கு நூறாவது ஆண்டு வந்ததும் அதே 1990 இல்தான். 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி போர் நெருங்கி, யாழ் நகர் அடங்கிய வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பள்ளிக்கூடங்களும் நடந்தன. வேற்றூர்ப் பாடசாலைகளில் மாலை நேர வகுப்பாகவும் மர நிழலிலும் பாடம் நடந்தது. அந்த நடையில் சேர்வு இடாப்புகளையும் பரீட்சைப் பதிவுகளையும் உரப்பையில் கட்டிச் சைக்கிளில் சுமந்த எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள். இன்று கனடாவிலிருந்து ஒருவர் தன் விடுகைப் பத்திரத்தின் பிரதியைக் கேட்கும்போது எங்களால் எடுத்துக் கொடுக்க முடிகிறதென்றால் அது அவர்களால்தான். மேடையில் அவர்களுக்கு மாலை விழுந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபோது பன்னிரண்டு ஆண்டுகள் வராமல் இருந்தவர்கள் பேருந்தில் வந்து இறங்கினார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. 2019 இல் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. இந்தத் திகதிகள் ஒவ்வொன்றும் ஒன்றுகூடல்களின் வரவு இடாப்பிலும் தெரியும். பாதை திறந்திருந்த ஆண்டுகளில் மண்டபம் நிறையும்.

இந்துக் கல்லூரியில் கிறிஸ்தவர்களும், மிஷன் கல்லூரியில் சைவர்களும் படிக்கலாமா? விழாக்களில் சமயம் எந்த அளவுக்கு இருக்கும்?

படித்தார்கள், படிக்கிறார்கள். சா. ஜே. வே. செல்வநாயகம் ஒரு காலத்தில் யோவானில் படித்தவர், தனிநாயகம் அடிகள் பத்திரிசியாரின் பழைய மாணவர், இவர்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் அதே வகுப்பறைகளில் நெற்றியில் விபூதியோடு இருந்து படித்த சைவப் பிள்ளைகளின் தொகை குறைவானதல்ல. விழா எந்தக் கல்லூரியில் நடக்கிறதோ அந்தக் கல்லூரியின் வழக்கப்படி தொடங்கும். இந்துக் கல்லூரியில் வளாகத்திலுள்ள வைரவர் கோயிலில் பூசை நடந்து தேவாரத்தோடு தொடங்கும். மிஷன் கல்லூரியில் ஆராதனையும் செபமும் இருக்கும். கத்தோலிக்கக் குருவான லோங் அடிகளார் பத்திரிசியாரின் அதிபராக இருந்தபடி யாழ் பொது நூலகத்தை எழுப்பும் முயற்சியில் முன்னின்றார். அதனால் பயன்பெற்றவர்களிடம் யாரும் சமயம் கேட்கவில்லை. வாணி விழாவில் அவல் கடலை எல்லோருக்கும் கிடைக்கும். நத்தார் ஒளிவிழாக் கேக்கும் அப்படியே.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழைய மாணவர்கள் வரலாமா?

வரலாம், வர வேண்டும் என்றே சொல்வேன். பெருஞ்சமர் இரண்டு கல்லூரிகளுக்கு மட்டுமே உரியது. மாணவரை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்லப் போட்டி எல்லாக் கல்லூரிகளுக்கும் உண்டு. முதலாந் தவணையில், வெயில் இன்னும் கடுமையாகாத நாட்களில் நடக்கும். இந்துக் கல்லூரியில் காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி என்றும், யோவானில் பீற்றோ, தொம்சன் என்றும் கல்லூரியை வளர்த்தவர்களின் பெயர்களில் இல்லங்கள் இருக்கின்றன. பெயருக்குரியவர் யார் என்று பிள்ளைகளுக்குப் பல வேளை தெரியாது. ஆனால் அந்தப் பெயருக்காகத் தொண்டை வற்றும்வரை கத்துவார்கள்.

ஓட்டத்தைவிட எனக்குப் பிடித்தது இல்ல அலங்காரம். போட்டிக்கு முந்திய இரவுகளில் தென்னோலையும் மூங்கிலும் சாக்கும் வர்ணத் தாளும் கொண்டு ஒவ்வோர் இல்லமும் தன் கொட்டகையைக் கட்டும். படிப்பில் பின்வாங்கில் இருப்பவன் அங்கே மேசனாகவும் சிற்பியாகவும் தலைவனாகவும் இருப்பான். வகுப்பில் முதலாவதாக வருபவன் அவனுக்குக் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பான். பழைய மாணவர் சிலர் இரவில் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்து, தாங்கள் கட்டிய காலத்துக் கோபுரம் இன்னும் உயரம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, அஞ்சலோட்டம் எல்லாம் முடியும் தறுவாயில் பழைய மாணவர் ஓட்டம் இருக்கும். கால் சுளுக்கினால் சங்கம் பொறுப்பல்ல.

பட்ச் ஒன்றுகூடலை எப்படி ஒழுங்கு செய்வது?

பொதுவாக உயர்தரம் எழுதிய ஆண்டை வைத்து பட்சைக் கணக்கிடுவார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள், இடையில் வேலைக்குப் போனவர்கள், போரில் திசைமாறிப் போனவர்கள் உயர்தரக் கணக்கில் விழமாட்டார்கள். ஆகையால் ஆறாம் தரத்தில் ஒன்றாகச் சேர்ந்த ஆண்டைக் கணக்காக எடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். முப்பது பேராகச் சுருங்கியிருந்த எங்கள் பட்ச், அப்படிப் பார்த்தபோது நூற்றைத் தாண்டியது. வைத்தியரும் பொறியியலாளரும் மட்டும் கூடுகிற கூட்டமாக இருந்தது, சந்தையில் கடை வைத்திருப்பவனும் கடற்றொழில் செய்பவனும் முச்சக்கரவண்டி ஓட்டுபவனும் வந்து உட்கார்ந்த பின்தான் வகுப்பறை மாதிரி ஆயிற்று. அவர்கள் தாமாக வரமாட்டார்கள். யாராவது நேரில் போய், வீட்டுப் படலையில் நின்று அழைக்க வேண்டும். கட்டணம் அறவிடுவதாக இருந்தால், கட்ட முடியாதவரின் பங்கை யார் கட்டினார் என்பது கட்டினவருக்கும் பொருளாளருக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

இறந்துபோன, காணாமற்போன நண்பர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் எழுந்து நிற்பதை எல்லா ஒன்றுகூடலிலும் வைத்திருக்கிறோம். பட்டியலைத் தயாரிக்கும்போது அவசரப்படக் கூடாது. காணாமற்போனவரின் தாய் இன்னும் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவருடைய பெயரை இறந்தவர் பட்டியலில் சேர்ப்பதற்கு எங்களுக்கு உரிமையில்லை. இரண்டு பட்டியல்களாக வாசியுங்கள்.

ஆசிரியர்களைக் கௌரவிக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பொன்னாடையைக் குறையுங்கள். எண்பது வயது ஆசிரியர் ஒருவருக்கு ஒரே மாலையில் பத்துப் பொன்னாடை போர்த்தி வியர்க்க வைப்பதில் என்ன மரியாதை இருக்கிறது? மேடையில் இரண்டு மணி நேரம் அவரை உட்கார வைத்துவிட்டுப் பிரதம விருந்தினருக்காகக் காத்திருப்பது அதைவிடப் பிழை. வீட்டிலிருந்து அழைத்து வருவதற்கும் கொண்டுபோய் விடுவதற்கும் ஒரு பழைய மாணவனைப் பொறுப்பாக வையுங்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நாலு பேர் போய், விறாந்தையில் இருந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் அதுவே பெரிய கௌரவிப்பு. நீங்கள் இப்போது எந்தப் பதவியில் இருந்தாலும் அவர் உங்களைப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நீங்களும் ‘சேர்’ என்று எழுந்துதான் நிற்பீர்கள். ஆய்வுகூட உதவியாளர், நூலகர், காவலாளி, சிற்றுண்டிச்சாலை நடத்தியவர் ஆகியோரையும் அழைப்பு அட்டவணையில் சேர்க்கவும். கணித ஆசிரியரை மறந்தவர்கள்கூட ரோல்ஸ் விற்றவரை மறப்பதில்லை.

குடும்பத்தைக் கூட்டி வரலாமா? ஆண்கள் கல்லூரி என்பதால் பெண்களுக்கு இடமில்லையா?

தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஆண்கள் கல்லூரி என்றாலும் ஆசிரியர்களில் பெண்கள் பலர், பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் தாய்மாரே கூடுதல். மனைவிமாரைச் சமையலுக்கும் சிற்றுண்டி பரிமாறலுக்கும் மட்டும் அழைக்கிற பழைய வழக்கம் ஒழிய வேண்டும். அவர்களும் வேம்படி மகளிர் பாடசாலையிலோ, 1896 இல் தொடங்கிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரியிலோ, 1943 இல் தொடங்கிய யாழ் இந்து மகளிர் கல்லூரியிலோ படித்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் சங்கமும் பட்சும் வழக்கும் உண்டு. கணக்கு வழக்கை எங்களைவிட ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் ஈடுபாடு வருமா?

உரையைக் கேட்க வைத்தால் வராது. தகப்பன் படித்த வகுப்பறையில், அவர் பெயர் வெட்டிய மேசை இருந்த இடத்தில் நிறுத்தினால் ஒருவேளை வரும். சென்ற முறை ஒரு பையன் தன் வயதுப் பிள்ளைகளோடு மைதான ஓரத்தில் மென்பந்து ஆடத் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரமறுத்தான். தகப்பன் மேடையில் பேசிக்கொண்டிருந்ததை அவன் கேட்கவேயில்லை. இரண்டு பேரில் கல்லூரிக்குள் இருந்தது மகன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நன்கொடையாக எதைக் கொடுப்பது பயனுள்ளது?

முதலில் கேளுங்கள், பிறகு கொடுங்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபது கணினிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. மின்னிணைப்பு வேலை முடியாததால் அவை பெட்டி பிரியாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் பூட்டிய அறைக்குள் இருந்தன. திறப்புவிழாப் படம் மட்டும் உரிய நேரத்தில் எடுக்கப்பட்டது. வளைவும் சிலையும் நினைவுக் கல்லும் கட்டுவதற்கு ஆள் கிடைப்பார்கள். தூர இடத்துப் பிள்ளையின் விடுதிக் கட்டணம், காலை உணவு, சப்பாத்து, மைதானப் பராமரிப்பாளரின் மாதச் சம்பளம், ஆய்வுகூடத்துக்குத் தவணைதோறும் வேண்டிய இரசாயனப் பொருள் ஆகியவற்றுக்கு ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை. மாணவர் ஒருவருக்கு உதவும்போது அவனை மேடைக்கு அழைத்துக் காசோலையோடு படம் எடுக்காதீர்கள். அவனுக்கும் அந்த மண்டபத்தில் நண்பர்கள் இருக்கிறார்கள்.

விழா நாட்களில் வர முடியவில்லை. சாதாரண நாளில் கல்லூரிக்குள் போகலாமா?

போகலாம். பாடசாலை நேரத்தில் நேரே வகுப்பறைப் பக்கம் போகாமல், வாயிற்காவலரிடம் பெயர் பதிந்து அலுவலகத்துக்குச் சென்று அதிபரிடமோ பிரதி அதிபரிடமோ சொல்லிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் அனுமதி கேட்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வந்தால் பயிற்சிக்கு நிற்கும் பையன்கள் மைதானத்தில் இருப்பார்கள்; பந்து எல்லை தாண்டி உங்கள் காலடிக்கு வந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், யார் நீங்கள் என்று கேட்கமாட்டார்கள்.